அரசியின் மடியில் சிவப்பு

அந்தத் தெருவில் அவரைச் சட்டக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் வக்கீல் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரனோடு உள்ள தகராறையெல்லாம் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு வந்துவிடுவதுண்டு. உள்ளே நுழைந்து, சுவர் முழுக்கச் சாய்த்து வைத்த மரச்சட்டங்களையும் கண்ணாடித் துண்டுகளையும் பார்த்து அசடு வழிய நிற்பார்கள்.

"நானும் சட்டம் போடறவன்தான் சார். ஆனா நான் போடற சட்டத்தை யாரும் மீற முடியாது. நாலு மூலையிலயும் ஆணி அடிச்சிருக்கும்" என்பார்.

வருஷக்கணக்காகச் சொல்லி நைந்துபோன ஜோக். ஒவ்வொரு முறையும் அவர் மனைவி உள்ளறையிலிருந்து, "இது ஒண்ணுதான் குறைச்சல்" என்று குரல் கொடுப்பாள். வந்தவர் சிரித்தால் அவளுக்காகத்தான் சிரித்திருப்பார்.

வீட்டிலும் அவர் சட்டம் போடுகிறவர்தான். வேலை மேசையைத் தொடக் கூடாது, பசைக் கிண்ணத்தைத் திறந்து போடக் கூடாது, படத்தின் மேல் யார் விரலும் படக் கூடாது. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சுத்தப் பைத்தியம், அவ்வளவுதான். தோளில் எந்நேரமும் ஒரு துணி கிடக்கும், கண்ணில் பட்டதையெல்லாம் துடைப்பார். டீ கொடுத்தால் டம்ளரின் அடியைத் துடைத்துவிட்டுத்தான் மேசையில் வைப்பார். பழைய படங்களிலிருந்து கறை எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கறை என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கை பரபரக்கும்.

இன்னொரு குணமும் உண்டு. அவர் படத்தைப் பார்க்க மாட்டார், சட்டத்தைத்தான் பார்ப்பார். ஒரு வீட்டுக்குப் போனால் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவில் மூலை சேர்ந்திருக்கிறதா, கண்ணாடி ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று கேட்டால் முழிப்பார். இந்தக் குணம்தான் அவர் குடியைக் கெடுத்தது என்பது என் கட்சி.

பழைய புத்தகக் கடை ஒன்றை மூடியபோது அவர் ஒரு கட்டுச் சட்டங்களை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒன்றுக்குள் ஒரு படம் இருந்தது. மரம் நல்ல முதிர்ந்த மரம். படத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சட்டத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார். அதற்குள் மனைவி பார்த்துவிட்டாள்.

"இந்த அம்மா மூஞ்சியப் பாருங்களேன். எதையோ ஒளிச்சு வெச்சுட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்குது."

செப்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, மை தடவி, தாளில் அழுத்தி எடுத்த படம் அது. காமிரா வராத காலத்துச் சரக்கு. வண்ணம் என்பதே கிடையாது. கோடு நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். கிரீடமும் அதற்குப் பின்னால் ஒளிவட்டமுமாக ஒரு ராணி நிற்கிறாள். மேலங்கியின் நுனியை இரண்டு கையாலும் தூக்கி மடியாகப் பிடித்திருக்கிறாள். குதிரைமேல் இருக்கும் ராஜா குனிந்து அந்த மடிக்குள் எட்டிப் பார்க்கிறார். மடி நிறையப் பூ. அடியில் புரியாத பாஷையில் ஒரு வரி.

தன் பட்டமளிப்புப் போட்டோவுக்குக் கண்ணாடி மாற்ற வந்த வரலாற்று வாத்தியார்தான் கதையைச் சொன்னார். ஏதோ ஒரு நாட்டில் வெகு காலத்துக்கு முன் இருந்த ராணியாம். பசித்தவர்களுக்கு அரண்மனை ரொட்டியை மடியில் மறைத்து எடுத்துக்கொண்டு போவாளாம். ராஜாவுக்கு அது பிடிக்காது. ஒருநாள் வழியில் மறித்து, "மடியில் என்ன?" என்று கேட்டிருக்கிறார். பயத்தில் வாய் தவறி, "ரோஜா" என்று சொல்லிவிட்டாள். திறந்து காட்டச் சொன்னார். திறந்தால் உள்ளே ரொட்டி இல்லை, ரோஜாதான் இருந்தது. அதற்கப்புறம் அவளைப் புனிதவதி என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"பரவாயில்லை, புருஷன்கிட்ட பொய் சொன்னாலும் சாமியாகலாம் போல" என்றாள் மனைவி. படம் அவள் கட்டிலுக்கு எதிர்ச் சுவருக்குப் போனது. சட்டக்காரர்தான் புது அட்டை வைத்து மாட்டினார். ராணியின் முகம் எப்படி இருந்தது என்று அப்போது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அவர்களுக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்குப் பிடித்த விளையாட்டு இந்த ராணி விளையாட்டுதான். பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வருவாள். அப்பா வேலையிலிருந்து நிமிராமலே, "மடியில என்ன?" என்று கேட்க வேண்டும். "ரோஜா!" என்று கத்துவாள். உள்ளே பிஸ்கட் இருக்கும், அல்லது அவருடைய அளவுகோல் இருக்கும். அளவுகோலாக இருந்தால் அன்று வீட்டில் புதிதாக ஒரு சட்டம் வரும்.

இந்த இடத்தில் அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். ஒருநாள் பந்து பட்டு அந்தப் படத்தின் கண்ணாடி விரிசல் விட்டது. சட்டக்காரர் வெளிவேலையாகப் போயிருந்தார். மனைவிக்கும் கண்ணாடி வெட்டி மாட்டத் தெரியும். அவள் படத்தைத் திறந்து மேசையில் போட்டுவிட்டுக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தபோது, பாப்பா தன் வண்ணப் பெட்டியோடு நாற்காலியில் ஏறிவிட்டாள். அம்மா திரும்பிப் பார்க்கும்போது ராணியின் மடி முழுக்கச் சிவப்பு.

"ரோஜா கறுப்பா இருக்கும்மா. பாவம்ல?"

கோட்டுக்குள் நின்ற பூ ஒன்றுகூட இல்லை. ஒரு பூவின் சிவப்பு ராணியின் கட்டைவிரல்வரை வழிந்திருந்தது. அடிக்கக் கையை ஓங்கிய அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காய்ந்ததும் கண்ணாடியை மாட்டி, பழைய இடத்திலேயே தொங்கவிட்டாள். "அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று இரண்டு பேருக்கும் ஒப்பந்தம். கட்டிலறையில் வெளிச்சம் குறைவு. போதாததற்கு அவர் சட்டத்தை மட்டும் பார்க்கிறவர். வெகுநாள்வரை அவருக்குத் தெரியவில்லை.

பிறகு பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பும்போது இரண்டு பேர்தான் திரும்பினார்கள். இதை நீட்டிச் சொல்ல என்னால் முடியாது.

துக்கம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். அவரைத் துணியும் கையுமாகப் பிடித்தது. அலமாரியைத் துடைத்தார், நாற்காலியைத் துடைத்தார், சுவரில் இருந்த கிரேயான் கிறுக்கல்களைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து எடுத்தார். பாப்பாவின் சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து வைத்தார். கடைக் கதவின் கண்ணாடியில், கீழ்ப்பக்கமாக, சின்னச் சின்னக் கைத்தடங்கள் எப்போதும் இருக்கும். கதவைத் தள்ளித் தள்ளி அவள் வைத்தவை. ஒரு காலையில் அதையும் ஸ்பிரிட் போட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டார். நிமிர்ந்தால் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் கையில் இருந்த ஈரத் துணியையே பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினாள்.

அவருக்குக் காரணம் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. கும்பிடாத தெய்வம் இல்லை, கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் இருந்த ராணியையே பார்ப்பாள். சில சமயம் மெதுவாகப் பேசுவாள். கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டபோது, "மடியில என்னடி?" என்று அவள் படத்திடம் கேட்பது காதில் விழுந்தது. பெண்ணும் போய், இருக்கிற ஒருத்தியும் கைவிட்டுப் போகிறாளே என்று வாசற்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும்" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"போறேன்."

பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் வரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அந்த ஒரு சொல் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. டாக்ஸி திரும்பி மறைந்த பிறகும் வாசலிலேயே நின்றார்.

மழைக்காலம் வந்தது. கட்டிலறைச் சுவர் ஒழுகி, படத்துக்குள் ஈரம் இறங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் அக்கா போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வரேன். அவ சாமான் கொஞ்சம் எடுக்கணுமாம்."

"என்ன சாமான்?"

"அந்தப் படம் மட்டும் போதுமாம்." அக்கா கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம்... அவ இங்கயே இருந்துக்கறேன்னு சொல்றா. மனசைத் தேத்திக்குங்க."

எப்படித் தேற்றிக்கொள்வது? போனை வைத்துவிட்டுக் கட்டிலறைக்குப் போய்ப் படத்தைக் கழற்றினார். தாள் முழுக்கப் பழுப்பு. பூஞ்சைப் பொட்டுகள். மடிப் பக்கம் துருவேறிய மாதிரி ஒரு செங்கறை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான். இந்தப் படத்தைப் புதுசு மாதிரி ஆக்கி அவள் கையில் கொடுத்தால், ஒருவேளை அவள் முகம் மலரலாம். ஒருவேளை பையைக் கீழே வைக்கலாம். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் அன்று அவர் உயிரோடு இருந்தார்.

வேறு யாருடைய படமாக இருந்தாலும் முதலில் பஞ்சை நனைத்து ஓரத்தில் ஒற்றிப் பார்த்திருப்பார். அச்சு மை தண்ணீருக்கு அசையாது, மேலே பூசிய வண்ணம் கரைந்துவிடும். அதனால் வண்ணம் இருக்கிறதா என்று சோதிக்காமல் எதையும் நனைக்க மாட்டார். ஆனால் இது அவரே அட்டை வைத்து மாட்டிய படம். இதில் வண்ணமே கிடையாது என்று அவருக்குத் தெரியும். எதற்குச் சோதனை? படத்தை முன்பின் தெரியாத ஒருவனாக இருந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருப்பான்.

கொல்லைப்புறக் கொட்டகையில் அகலத் தட்டில் தண்ணீர் நிரப்பி, தாளை மெல்ல மிதக்கவிட்டார். பழுப்பு, தேநீர் மாதிரி இறங்கியது. கூடவே ஒரு சிவப்பும் நூல் நூலாகக் கிளம்பித் தண்ணீரில் சுழன்றது. "போ, போ" என்று அதைப் பார்த்துச் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார். தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டார். தாளை வெளியே எடுத்தபோது ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரம் உறிஞ்சும் தடித்த தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகை போட்டு அழுத்தினார். பிரித்தபோது அதுவும் போயிருந்தது. தாள் வெண்ணெய் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை அமைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. அக்காவும் மனைவியும் டாக்ஸியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தார்கள். மனைவி பாதியாக இளைத்திருந்தாள். அவர் படத்தை இரண்டு கையாலும் நீட்டினார். பரீட்சைத்தாளை நீட்டும் பையனைப் போல முகத்தில் ஓர் ஆசை.

"பாரு. ஒரு பொட்டுக் கறை இல்லை."

அவள் வாங்கினாள். ராணியின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மடியைப் பார்த்தாள். கண்ணாடியின் மேல் விரலை வைத்துத் தேடினாள். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"சிவப்பு எங்க?"

"அதையேன் கேக்கறே, அதுதான் பிடிவாதமா இருந்துச்சு. கடைசியில அந்தக் கறையும்..."

"அது கறை இல்லைங்க." மடி இருந்த இடத்தில் விரலை அழுத்தினாள். "அது பாப்பா போட்டது. உங்க சட்டத்துக்குப் பயந்து ரெண்டு பேரும் மூடி வெச்சிருந்தோம்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"சுவரைத் தேச்சீங்க. துணியைத் துவைச்சீங்க. கதவுல இருந்த கையைத் துடைச்சீங்க. அவ இருந்த அடையாளம் எதையும் விட்டு வெக்கலை. இது ஒண்ணுதாங்க மிச்சம் இருந்துச்சு. இது ஒண்ணு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. படத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவள் தோளைப் பிடித்தாள், அசையவில்லை.

சட்டக்காரர் கொல்லைப்புறம் ஓடினார். சாக்கடை ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த மழைத் தண்ணீரைப் பார்த்தார். எதைத் தேடுகிறோம் என்ற புத்திகூட இல்லை. போ, போ என்று தன் வாயாலேயே சொன்னது நினைவுக்கு வந்து, அந்த வாயைத் தரையில் அறைந்துகொள்ளத் தோன்றியது. செத்துவிடலாம் போல இருந்தது. எழுந்து கொட்டகைக்குள் போய்ச் சிவப்பு வண்ணத்தைக் குழைத்தார். தூரிகையை எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டார். அவர் பூசினால் கோட்டுக்குள் நிற்கும். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தக் கைக்குக் கோட்டைத் தாண்டத் தெரியாது.

அப்போதுதான் உறிஞ்சுதாள் நினைவுக்கு வந்தது. கடைசிச் சிவப்பு எங்கே போனது?

தாள்களைக் காயவைத்து மறுபடி அடுக்கில் சேர்த்திருந்தார். அவர் கையால்தான், நுனி பிசகாமல் அடுக்கியிருந்தார். எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றாக உருவி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். வெறும் பழுப்பு. வேறு யாருடையவோ பூஞ்சை. இன்னொன்றில் எண்ணெய்க் கறை. அடுக்கு குறையக் குறைய அவர் மூச்சு வாங்கியது. "ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு" என்று முனகிக்கொண்டே தேடினார். அடியில் கிடந்த ஒரு தாளில், நடுவில், ரோஸ் நிறத்தில் ஒரு கறை இருந்தது.

கறை என்றா சொன்னேன்? ஒரு பூ. இடம் வலம் மாறி, வெளிறிப்போய், ஒரு பக்கம் வழிந்து, கோட்டுக்கு அடங்காமல்.

மழை வலுத்திருந்தது. கொட்டகைக்கும் கடைக்கும் நடுவே திறந்தவெளி. ஒரு சொட்டுப் பட்டாலும் போச்சு. இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியின் நுனியைத் தூக்கி, தாளை அதற்குள் பொதிந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து மழையை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். சொட்டச் சொட்ட மனைவிக்கு முன்னால் நின்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தை, பிறகு தூக்கிப் பிடித்திருந்த துணியை.

"மடியில என்ன?"

விளையாட்டாகக் கேட்டாளா, தன்னை அறியாமல் வந்துவிட்டதா, அவருக்குத் தெரியாது. பதில் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது.

"ரோஜா" என்றார். "ஒண்ணுதான் இருக்கு."

அவள் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வழிந்த பக்கத்தைத் தொடாமல், விரலை மேலே மட்டும் ஓட்டினாள்.

"இதை ரெண்டு தரம் பூசினா. முதல் தரம் பத்தலையாம். ராணிக்குக் கையெல்லாம் ஆயிடுச்சேடின்னேன். ராணி கழுவிக்கும்னா."

"அப்புறம்?" என்று கேட்டார் அவர். பாப்பா செத்த பிறகு அவளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் சொன்னாள். நாற்காலியில் ஏறியது, தூரிகையை வாயில் வைத்து ஈரம் செய்தது, அப்பா வரும் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூலையில் போய் நின்றது. சொல்லும்போதே சிரித்தாள், சிரிக்கும்போதே உடைந்தாள். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அன்னிக்கு நான் மோப்பம் பிடிச்சேன், ஏதோ நடந்திருக்குன்னு. எனக்குத்தான் பார்க்கத் தெரியலை" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

தெருமுனையில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். அக்கா பையை எடுத்தாள். அவர் அவசரமாக எழுந்து, பழக்கத்தில் சுவரோரம் கை நீட்டினார்.

"ஒரு நிமிஷம். இதுக்கு ஒரு சட்டம் போட்டுத் தந்துடறேன்."

"வேண்டாங்க. இதுக்கு எந்தச் சட்டமும் வேண்டாம்."

தாளை மேல்துணிக்குள் மார்போடு வைத்துக்கொண்டாள். கழுவி வெளுத்த ராணியை ஸ்டூலிலேயே விட்டுவிட்டாள். மழைக்கு ஊதிப்போயிருந்த கதவு திறக்கவில்லை. கண்ணைத் துடைத்த ஈரக் கையைக் கண்ணாடியில் பதித்துத் தள்ளினாள். வெளியே ஒரு கால் வைத்தபிறகு, திரும்பாமலே சொன்னாள்.

"வரேன்."

எல்லோரும் சொல்கிற சொல்தான். வாய்ப்பழக்கமாகக்கூட வந்திருக்கலாம். அதன் பிறகு அவள் வரவில்லை, போன் செய்யவுமில்லை. அவர் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடையைத் திறக்கிறார், மூடுகிறார். தோள் துணி இப்போது ஆணியில் தொங்குகிறது.

போன வாரம் வரலாற்று வாத்தியார் பேரப்பிள்ளை படத்துக்குச் சட்டம் போட வந்தார். கதவருகே நின்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன சட்டக்காரரே, உங்க கடைக் கண்ணாடியிலயே கறையா? ஒரு துடை துடைக்கக் கூடாதா?"

சட்டக்காரர் வேலையிலிருந்து நிமிர்ந்தார்.

"அது கறை இல்லைங்க" என்றார்.